காடையைக் குறிவைத்த துப்பாக்கி நண்பரைத் தாக்கியது எப்படி? ஷாட்கன் வேட்டையில் புதியவர்கள் முதலில் கற்கும் பாடம் - முழு விவரம்

2006-ம் ஆண்டு பிப்ரவரி 11. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு பெரிய பண்ணை. மாலை நேரம், சூரியன் மேற்கே சாய்ந்துவிட்டது. காடை வேட்டைக்குப் போன குழுவில் அப்போதைய துணை அதிபர் டிக் செனியும் இருந்தார்.

புதரில் இருந்து ஒரு காடை பறந்தது. செனி திரும்பி, பறவையைத் தொடர்ந்தபடியே துப்பாக்கியை நகர்த்திச் சுட்டார். அந்தத் திசையில் நின்றவர் அதே குழுவில் வந்திருந்த 78 வயது வழக்கறிஞர் ஹாரி விட்டிங்டன். முகம், கழுத்து, மார்பு என்று உடலின் மேல் பகுதி முழுக்க சிறு குண்டுகள் பாய்ந்தன. மூன்று நாள் கழித்து, இதயத்தின் அருகே தங்கியிருந்த ஒரு குண்டால் அவருக்கு லேசான மாரடைப்பும் வந்தது.

விட்டிங்டன் பிழைத்துக்கொண்டார். 2023-ல், 95 வயதில்தான் காலமானார். ஆனால் அந்தச் சம்பவம் இன்றும் ஒரு கேள்வியை விட்டு வைத்திருக்கிறது. செனி புதியவர் இல்லை, பல வருஷ அனுபவம் உள்ள வேட்டைக்காரர். அப்படிப்பட்டவருக்கே இது நடந்தது என்றால், முதல்முறை துப்பாக்கி எடுப்பவர் என்ன செய்ய வேண்டும்?

அமெரிக்காவில் முயல், அணில், காடை போன்ற சிறு விலங்கு, பறவை வேட்டை சட்டப்படி நடக்கும் பொழுதுபோக்கு. அங்கே புதியவர்களுக்கு என்ன சொல்லித் தருகிறார்கள், ஏன் சொல்லித் தருகிறார்கள் என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

ஷாட்கன் என்றால் என்ன? ரைபிளில் இருந்து எப்படி வேறுபடுகிறது?

ரைபிள் ஒரு நேரத்தில் ஒரு குண்டைத்தான் அனுப்பும். ஷாட்கன் அப்படி இல்லை. அதன் தோட்டாவுக்குள் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன உருண்டைகள் இருக்கும். சைக்கிளில் போடும் பால்ரஸைவிடச் சிறியவை. சுட்டதும் இவை கூட்டமாகக் கிளம்பி, போகப் போக விரிந்துகொண்டே போகும்.

பறக்கும் பறவையையும் ஓடும் முயலையும் ஒற்றைக் குண்டால் அடிப்பது கஷ்டம். அதனால்தான் சிறு வேட்டைக்கு ஷாட்கன். ஆனால் எது வசதியோ அதுவேதான் ஆபத்தும். குறிக்குப் பக்கத்தில் நிற்பவருக்கும் பங்கு போய்ச் சேரும்.

இன்னொரு விஷயம் தூரம். சிறு வேட்டைக்குச் சரியான தூரம் பொதுவாக 35 முதல் 40 கஜம் வரைதான். அதற்கு மேல் உருண்டைகளுக்கு இடையே இடைவெளி கூடிவிடும், வேகமும் குறைந்துவிடும். அதற்காக அவை அங்கேயே விழுந்துவிடாது. மேல்நோக்கிச் சுட்டால் 200 கஜத்தைத் தாண்டியும் போய் விழும். விலங்கை வீழ்த்தும் சக்தி முடிந்துபோன இடத்திலும், ஒருவரின் கண்ணைக் கெடுக்கும் சக்தி மிச்சம் இருக்கும்.

12, 20, 410... இந்த எண்கள் என்ன?

கடைக்குப் போனதும் புதியவர்கள் குழம்புகிற முதல் இடம் இதுதான். 12 கேஜ், 20 கேஜ் என்பார்கள். எண் பெரிசானால் துப்பாக்கியும் பெரிசு என்று நினைப்போம். உண்மை நேர்மாறு.

குழலின் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகளைச் செய்தால், ஒரு பவுண்டு ஈயத்தில் எத்தனை உருண்டை வரும்? அந்த எண்ணிக்கைதான் கேஜ். 12 உருண்டை வந்தால் 12 கேஜ். 20 வந்தால் 20 கேஜ். அதாவது உருண்டை சிறிசு, குழலும் சிறிசு. 12 கேஜ் குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். 20 கேஜ் என்றால் சுமார் 15.6 மில்லிமீட்டர். 410 மட்டும் விதிவிலக்கு, அது நேரடியாக அங்குல அளவு. அதாவது 0.410 அங்குலம்.

புதியவர்களுக்கு 20 கேஜ் நல்ல தொடக்கம் என்று பல பயிற்சியாளர்கள் சொல்வார்கள். தோளில் உதைப்பது குறைவு, எடையும் குறைவு. 410-ல் உதை இன்னும் குறைவு, ஆனால் உருண்டைகளும் குறைவு என்பதால் குறி தப்பிக்கொண்டே இருக்கும். 'சின்னப் பையனுக்குச் சின்ன துப்பாக்கி' என்று வாங்கிக் கொடுத்தால், அவன் வெறுத்துப்போவதுதான் மிச்சம்.

உருண்டைகளின் அளவிலும் இதே தலைகீழ் கணக்குதான். 6-ம் எண் உருண்டை, ஏழரை எண் உருண்டையைவிடப் பெரியது. முயலுக்கும் அணிலுக்கும் 6-ம் எண்ணை விரும்புவார்கள். காடைக்கும் புறாவுக்கும் ஏழரை அல்லது எட்டு. ஏழரை எண்ணில் ஒரு அவுன்ஸுக்குச் சுமார் 350 உருண்டைகள் வரும். ஒரே ஒரு முறை விசையை அழுத்தினால் எத்தனை உருண்டை வெளியே போகிறது என்று இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

மஞ்சள் தோட்டாவின் ரகசியம்

20 கேஜ் தோட்டாக்கள் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருப்பதைக் கவனித்தால், அது அழகுக்காக இல்லை என்பது தெரியும்.

20 கேஜ் தோட்டாவைத் தவறுதலாக 12 கேஜ் துப்பாக்கியில் போட்டால் அது உள்ளே நழுவிப்போய், குழலின் தொடக்கத்தில் சிக்கிக்கொள்ளும். பார்ப்பவருக்குத் துப்பாக்கி காலியாக இருப்பது போலத் தெரியும். 'தோட்டா போட மறந்துட்டோமோ' என்று ஒரு 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால், முன்னால் அடைத்துக்கொண்டிருக்கும் தோட்டாவில் மோதி குழலே வெடித்துவிடும். குழலைத் தாங்கிப் பிடித்திருக்கும் கைக்கு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இதற்கு இரண்டே விதி. ஒன்று, சட்டைப்பையில் இரண்டு வகைத் தோட்டாக்களைக் கலந்து வைக்கக் கூடாது. வீட்டில் அண்ணனுக்கு 12, தம்பிக்கு 20 என்றால் கிளம்புவதற்கு முன்பே இருவரின் பைகளையும் காலி செய்து பார்த்துவிட வேண்டும். இரண்டு, குழல் மீது பொறித்திருக்கும் கேஜ் எண்ணும், நீள அளவும், தோட்டாவின் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

சேறு, பனி, இலை என்று எது குழலை அடைத்தாலும் இதே கதைதான். வழுக்கி விழுந்தால் எழுந்ததும் முதல் வேலை, தோட்டாவை வெளியே எடுத்துவிட்டுக் குழலைச் சோதிப்பது.

மாறாத நான்கு விதிகள்

அமெரிக்காவின் எந்த மாநிலத்தில் பயிற்சிக்குப் போனாலும் முதல் நாளில் சொல்லித் தருவது இவைதான்.

1. எந்தத் துப்பாக்கியிலும் தோட்டா இருப்பதாகவே நினைக்க வேண்டும். 'காலி' என்று யார் சொன்னாலும், கையில் வாங்கியதும் திறந்து பார்க்க வேண்டும்.

2. குழல் முனை எப்போதும் ஆபத்தில்லாத திசையில் இருக்க வேண்டும். நடக்கும்போதும், பேசும்போதும், திரும்பும்போதும்.

3. சுடப்போகும் நொடி வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும்.

4. குறி எது, அதற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்று தெரிந்த பிறகே சுட வேண்டும்.

'சேஃப்டி போட்டிருக்கேன், பயமில்லை' என்பது புதியவர்கள் அடிக்கடி சொல்லும் வார்த்தை. சேஃப்டி என்பது ஒரு சின்ன இயந்திரப் பாகம். தேய்ந்துபோகலாம், கிளை பட்டு நகரலாம். அது கூடுதல் பாதுகாப்புதான், முதல் பாதுகாப்பு குழல் முனையின் திசை. குழல் முனை மண்ணையோ வானத்தையோ பார்த்திருந்தால், மற்ற எல்லாம் தவறினாலும் உயிர் தப்பும்.

விசையை அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால்? உடனே திறக்கக் கூடாது. சில தோட்டாக்கள் தாமதமாக வெடிக்கும். குழலைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்து, குறைந்தது 30 வினாடி காத்திருக்கச் சொல்கிறார்கள்.

'என் எல்லை எது?' - இரண்டு கட்டைவிரல் சோதனை

டெக்சாஸ் விபத்துக்குத் திரும்பினால், விஷயம் இங்கேதான் இருக்கிறது. விட்டிங்டன் சுட்டு வீழ்த்திய பறவையைத் தேடப் பின்தங்கினார். மற்றவர்கள் அடுத்த காடைக் கூட்டத்தை நோக்கி நகர்ந்துவிட்டனர். அவர் திரும்பி வந்து சேர்ந்தது செனிக்குத் தெரியாது. சுமார் 30 கஜ தூரத்தில் சற்றுத் தாழ்வான இடத்தில் நின்றிருந்தார். ஆரஞ்சு நிற மேலாடை அணிந்திருந்தும் பயன் இல்லை. பறவையையே பார்த்திருந்த கண்ணுக்கு, எதிரே சாய்ந்த வெயிலில், மனிதர் தெரியவில்லை.

இதைத் தவிர்க்கத்தான் 'சுடும் எல்லை' என்ற பாடம். மூன்று பேர் போனால் ஒரே வரிசையில், 25 முதல் 40 கஜ இடைவெளியில் நடக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் முன்னால் சுமார் 45 டிகிரி அகலம் மட்டும் சொந்தம். இடதுபக்கம் நடப்பவர் இடதுபக்கம் போகும் பறவையை மட்டும் சுடலாம். வலதுபக்கம் நடப்பவருக்கு வலது. நடுவில் இருப்பவருக்கு நேர் முன்னால்.

45 டிகிரி எவ்வளவு என்று எப்படித் தெரியும்? அதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. இப்போதே செய்து பார்க்கலாம். தூரத்தில் ஒரு பொருளைப் பாருங்கள். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நேராக நீட்டி, கட்டைவிரலை உயர்த்துங்கள். கண்ணை அசைக்காமல் கைகளை மெதுவாக முன்னால் கொண்டு வாருங்கள். இரண்டு கட்டைவிரலும் தெளிவாகத் தெரியும் இடம் வந்ததும் நிறுத்துங்கள். அந்த இரண்டு விரலுக்கு நடுவில் இருப்பதுதான் உங்கள் எல்லை.

பறவை அந்த எல்லையைத் தாண்டிவிட்டால்? விட்டுவிட வேண்டியதுதான். துப்பாக்கியோடு திரும்பவே கூடாது. வரிசையில் இருந்து யாராவது விலகினால், அவர் திரும்பி வந்து குரல் கொடுக்கும் வரை எல்லாரும் நிற்க வேண்டும். ஒரு காடை போனால் இன்னொரு காடை வரும்.

அந்தச் சம்பவத்தில் யார் மீதும் குற்றவழக்கு பதிவாகவில்லை. விசையை அழுத்தியது தான்தான் என்று செனி சில நாள் கழித்து டிவி பேட்டியில் ஒப்புக்கொண்டார். 7 டாலர் கட்டி வாங்க வேண்டிய பறவை வேட்டை முத்திரை அவரிடம் இல்லாததால், மாநில வனவிலங்குத் துறை எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்தது.

எந்த வேட்டையில் எந்த ஆபத்து?

பறவை: 'கீழே வானம் தெரியுதா?' என்று பார்ப்பது பழைய பழக்கம். பறவைக்கும் தரைக்கும் நடுவில் வானம் தெரிந்தால் மட்டுமே சுட வேண்டும். தாழப் பறக்கும் பறவையைச் சுட்டால் அதே உயரத்தில் நாயும் மனிதரும் இருக்கலாம்.

முயல்: தரையோடு ஓடும். பின்னால் பீகிள் நாய் துரத்தும். நண்பரின் காலும் நாயின் தலையும் முயலின் உயரத்தில்தான் இருக்கும். முயலைப் பார்த்ததும் சுடாமல், நாய் எங்கே என்று முதலில் பார்க்க வேண்டும்.

அணில்: மரத்தடியில் உட்கார்ந்து காத்திருக்கும் வேட்டை. வரிசையாக நடப்பது இல்லை என்பதால் புதியவர்களுக்கு இதுவே எளிது. ஆனால் அசைகிற இலையைச் சுடக் கூடாது. முழு அணிலும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

வேலி, வண்டி, வீடு

சுடும்போது மட்டும்தான் விபத்து நடக்கும் என்று நினைத்தால் தப்பு. வேலி தாண்டும்போது, வண்டியில் ஏற்றும்போது, வீட்டில் துடைக்கும்போதும் நடக்கிறது.

வேலி வந்தால் முதலில் தோட்டாவை எடுத்துத் துப்பாக்கியைத் திறந்துவிட வேண்டும். குழல் முனை தன்னையும் பார்க்காமல், நண்பரையும் பார்க்காமல் வேலிக்கு அடியில் மறுபுறம் வைக்க வேண்டும். பிறகு தாண்ட வேண்டும். துப்பாக்கியைக் கையில் பிடித்தபடி ஏறக் கூடாது.

வண்டியில் தோட்டா போட்ட துப்பாக்கி இருக்கவே கூடாது. 2023 ஜனவரியில் கன்சாஸ் மாநிலத்தில் ஒரு பிக்கப் வண்டியின் பின் இருக்கையில் ரைபிள் இருந்தது. பின்னால் இருந்த நாய் அதை மிதித்ததும் வெடித்து, முன் இருக்கையில் இருந்தவர் இறந்துபோனார். காரணம் நாய் இல்லை, உள்ளே இருந்த தோட்டா.

வீட்டில் துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறு பூட்டில். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதற்கு விலக்கே கிடையாது.

காது, கண், உடை

ஷாட்கன் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும். பாதுகாப்பு இல்லாமல் கேட்டால் ஒரே வெடிச் சத்தம்கூட காதை நிரந்தரமாகப் பாதிக்கலாம். இப்போது பெரிய சத்தத்தை மட்டும் அடக்கி, பேச்சையும் இலைச் சலசலப்பையும் கேட்கவிடும் எலக்ட்ரானிக் காதுக் கவசங்கள் கிடைக்கின்றன. உறுதியான கண்ணாடி கண்ணுக்குக் கட்டாயம். பல மாநிலங்களில் பளிச் ஆரஞ்சு உடை சட்டப்படி கட்டாயம். சட்டம் கேட்காத இடத்திலும் போட்டுக்கொள்வது நல்லது.

மது? வேட்டை முடிந்து, துப்பாக்கிகள் பூட்டப்பட்ட பிறகுதான்.

சரி, இதில் சந்தோஷம் எங்கே?

இத்தனை விதியைக் கேட்டால் 'இதுல என்ன ஜாலி இருக்கு' என்று தோன்றலாம். ஆனால் பழகியவர்கள் சொல்வது வேறு. விதி கைக்குப் பழகிவிட்டால், மனசு காட்டின் பக்கம் போகும்.

அணில் வேட்டையில் விடியும் முன்பே ஓக், ஹிக்கரி மரங்களுக்கு நடுவில் போய் உட்கார வேண்டும். பத்து, பதினைந்து நிமிடம் அசையாமல் இருந்தால், காடு நம்மை மறந்துவிடும். பறவைகள் திரும்ப வரும், கொட்டை கடிக்கும் சத்தம் கேட்கும். முயல் வேட்டையில் நாய்களின் குரல்தான் சுவாரஸ்யம். துரத்தப்படும் காட்டு முயல் ஒரு வட்டம் அடித்து, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரப் பார்க்கும். அந்த வட்டம் எந்தப் பக்கம் வளைகிறது என்று குரலை வைத்தே கணிப்பார்கள்.

புதியவர்கள் நேராகக் காட்டுக்குப் போகாமல், களிமண் தட்டுகளைப் பறக்கவிட்டுச் சுடும் பயிற்சி மைதானத்தில் பழகுவது நல்லது. தட்டு தப்பினால் யாருக்கும் நஷ்டம் இல்லை. பறவை தப்பினால் பரவாயில்லை, ஆனால் காயத்தோடு தப்பினால் அது பல மணி நேரம் வதைபடும். அதனால்தான் தூரம் அதிகமானால் சுடாதே என்பது பாதுகாப்பு விதி மட்டுமல்ல, அறமும்கூட. விழுந்ததைத் தேடி எடுக்காமல் அடுத்ததைச் சுடக் கூடாது.

எடுத்தது சாப்பாட்டுக்குப் போகும். தென் மாநிலங்களில் பெயர் பெற்ற பிரன்ஸ்விக் குழம்பு, ஆரம்பத்தில் அணில் கறியில் செய்ததுதான். முயலைச் சுத்தம் செய்யும்போது கையுறை அவசியம். துலரேமியா என்ற பாக்டீரியா நோய் முயலில் இருந்து மனிதருக்குப் பரவும். கறியை நன்றாக வேகவைக்க வேண்டும்.

பயிற்சி, உரிமம், வரி: சட்டம் என்ன சொல்கிறது?

வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியைக் கட்டாயம் ஆக்கிய முதல் மாநிலம் நியூயார்க், 1949-ல். இன்று எல்லா மாநிலங்களிலும் இந்தப் பயிற்சி உண்டு. டெக்சாஸில் 1971 செப்டம்பர் 2 அல்லது அதன் பிறகு பிறந்தவர்கள் இந்தப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். அதோடு உரிமம், பருவகாலம், ஒரு நாளைக்கு இத்தனைதான் என்ற வரம்பு, தனியார் நிலம் என்றால் உரிமையாளரின் அனுமதி என எல்லாம் வேண்டும்.

1937-ல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி, ஷாட்கன், ரைபிள், தோட்டா விற்பனையில் 11 சதவீதம் வரி வசூலித்து மாநிலங்களின் வனவிலங்குப் பாதுகாப்புக்குத் தருகிறார்கள். பயிற்சி வகுப்புகளுக்கும் இந்தப் பணம் போகிறது.

அமெரிக்காவில் வேலை விசாவில் இருக்கும் நம்ம ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது உள்ளிட்ட சில விலக்குகள்தான் உண்டு. நண்பர் கூப்பிட்டார் என்று சும்மா துப்பாக்கியை வாங்கிக் கையில் பிடித்தால் விசாவுக்கே சிக்கல். மாநிலச் சட்டத்தையும் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

இந்தியாவில் வேட்டையாடலாமா?

கூடாது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1991-ல் செய்த திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமே வைக்கவில்லை. காட்டு முயலைப் பிடித்தால்கூட வனத்துறை வழக்குப் போடும். துப்பாக்கி சுடுவதில் ஆர்வம் இருந்தால், ரைபிள் கிளப்புகளில் சேர்ந்து விளையாட்டாகப் பழகலாம். களிமண் தட்டைச் சுடும் டிராப், ஸ்கீட் இரண்டும் ஒலிம்பிக் போட்டிகள். 2004 ஏதென்ஸில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் இந்தியாவுக்கு வெள்ளி வாங்கித் தந்தது ஷாட்கன் பிரிவில்தான்.

மைதானமோ காடோ, விதி ஒன்றுதான். குழல் முனை எங்கே பார்க்கிறது என்பது, அதைப் பிடித்திருப்பவருக்கு எந்த நொடியிலும் தெரிந்திருக்க வேண்டும்.